பதினான்காம் பக்கத்துச் சிவப்புச் சீட்டு

எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் சிவப்புச் சீட்டுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலே ஒட்டியவரின் எண், நடுவில் குறை என்ன என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. செக்கிங் பிரிவில் இருக்கிற நாற்பது பேரில் யார் வேண்டுமானாலும் எந்தச் சரக்கின் மேலும் அதை ஒட்டலாம். ஒட்டிவிட்டால் அந்த மெத்தை மட்டுமல்ல, அதே லாட் எண்ணில் இருக்கிற அத்தனையும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் எடுக்க முடியாது, மேனேஜர் எடுக்க முடியாது, முதலாளியே எடுக்க முடியாது. ஒட்டியவரை அதன் பிறகு முப்பது நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தவோ வேறு பிரிவுக்கு மாற்றவோ கூடாது என்பது இன்னொரு விதி. எல்லாம் முதலாளியின் கையெழுத்தோடு, கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் சுவரில் தொங்குகின்றன. வேலையில் சேர்ந்த அன்று இரண்டு தடவை படித்தேன். எதையும் இரண்டு தடவை பார்ப்பது என் வழக்கம். அதனால் பிரிவில் எனக்கு ‘ரெண்டுதரம்’ என்று பெயர். என் எண் முப்பத்தொன்று.

இந்த விதி பிறந்த கதையை முதலாளி எல்லா மேடையிலும் சொல்வார். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஒற்றைத் தையல் மெஷினோடு தொழில் தொடங்கிய புதிதில் அவர் அனுப்பிய மெத்தை ஒன்றில் உடைந்த ஊசி தங்கிவிட்டது. அது ஒரு கைக்குழந்தையின் முதுகில் ஏறியது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஐயா அந்த வீட்டு வாசலில் போய் அரை நாள் நின்றாராம். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். நான் நான்கு மேடைகளில் கேட்டிருக்கிறேன். நான்கிலும் நிஜமாகத்தான் இறங்கியது.

இதை முதலில் சொல்லிவிடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். அவரைப் பற்றி நான் எழுதுவதில் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அவருடைய ஆட்கள் எனக்குச் செய்ததையே நானும் அவருக்குச் செய்தவள் ஆவேன்.

பொது ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவைக் கட்டிக் கொடுத்தவர் அவர். நூலகத்துக்குக் கூரை போட்டவர் அவர். பேக்கிங் கூடத்துக்கு மேலே இரண்டாவது மாடியில், அவருடைய அறக்கட்டளை பெண்களுக்காக மாலை வகுப்பு நடத்துகிறது. ஆறு மணி முதல் எட்டு மணி வரை. புத்தகம் இலவசம், நோட்டு இலவசம், ஆறரைக்கு டீ. அப்பா இறந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சையை எழுதாமல் விட்டவள் நான். இருபத்திரண்டு வயதில் அதை எழுத எனக்குக் கிடைத்த இடம் இந்த மாடிதான்.

ஐயா தேர்தலில் நின்றதில்லை. நிற்கிறவர்கள்தான் அவருடைய அறைக்கு வெளியே நிற்பார்கள். அவர் ஆதரிப்பது, குடும்பம், கட்டுப்பாடு, பழைய ஒழுங்கு என்று பேசுகிற கட்சியை. ஊரில் அதை வீட்டுக் கட்சி என்பார்கள். அந்தக் கட்சி மாநிலச் சட்டமன்றத்தில் இந்த வருஷம் ஒரு சட்ட மசோதா கொண்டுவந்தது. ஆறு மணிக்கு மேல் வேலைக்கோ வகுப்புக்கோ வெளியே இருக்கிற பெண், தன் வீட்டுப் பொறுப்பாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்திருக்க வேண்டும். பொறுப்பாளர் என்றால் அப்பா, கணவன், சகோதரன், இல்லையென்றால் வயதுவந்த மகன். சட்டத்தை எழுதியவர்கள் யாரோ. எழுத வைத்தவர் ஐயா என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அதை மறைக்கவும் இல்லை. சட்டம் வந்தபிறகு வகுப்புக்கு வர முடியாத பெண்களுக்கு ஆளுக்கொரு தையல் மெஷின் வீட்டுக்கே வரும் என்று ஒரு கூட்டத்தில் அறிவித்தார். கைதட்டினார்கள்.

பொத்தான் அக்கா என் பக்கத்து மேஜை. மெத்தைகளில் பொத்தான் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வகுப்பிலும் என் பக்கத்து நாற்காலிதான். கணவன் இல்லை, ஒரே மகன்.

“பொறுப்பாளர்னு பார்த்தா எனக்கு எம்மவன்தான். போன மாசந்தான் பதினெட்டு முடிஞ்சிருக்கு. அவன் ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதிக் குடுத்தவ நான். இனிமே அவன்கிட்ட நான் வாங்கணும். வயித்துவலின்னு எழுதுவானா, காய்ச்சல்னு எழுதுவானா தெரியல” என்றாள்.

நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டுப் பாடத்தைப் பார்த்தோம். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பில் டீச்சர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு. மேலே தேதியும் நேரமும், அடியில் கையெழுத்து. எழுத்துப் பயிற்சிக்காகத்தான். மாதக் கடைசியில் அறக்கட்டளைச் செயலாளர் நோட்டுகளை வாங்கிப் போவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டேப்ளர். இரண்டு காகிதம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. ஒருமுறை தன் சட்டைக் கையையும் சேர்த்து அடித்துவிட்டார் என்பார்கள். நான் பார்க்கவில்லை.

நான் நேராக நோட்டில் எழுதுவதில்லை. தைரியம் கிடையாது. வீணான சிவப்புச் சீட்டுகளை ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோய், அவற்றின் பின்பக்கத்தில் முதலில் எழுதுவேன். திருத்துவேன். பிறகுதான் நோட்டு. சீட்டுகளைத் தேதிவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்த்து, “இதுக்கு ஒரு குமாஸ்தா வேற வெச்சுக்கோ” என்று கிண்டல் செய்வான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் லாட் எண் 2208-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைநகரில் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கும் விடுதிக்கு ஐயா நன்கொடையாகக் கொடுக்கிற நூற்றிருபது மெத்தைகள். சனிக்கிழமை காலை லாரி கிளம்ப வேண்டும், திங்கட்கிழமை சட்டத்துக்கு ஓட்டெடுப்பு. மெத்தைகளின் பக்கத்தில் புத்தகக் கட்டுகள் அடுக்கியிருந்தன. கட்டுகளின் மேலும் 2208 என்றே லேபிள். ஸ்டேப்ளர் செய்த வேலை. அறக்கட்டளைக்கென்று தனி லாரி, தனி கேட் பாஸ் என்று அலையாமல், ஒரே லாட்டில் சேர்த்து எழுதிவிட்டார். அந்த நிமிஷம் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. லாட்டில் இருப்பதையெல்லாம் பார்ப்பது என் வேலை என்பதால் ஒரு புத்தகத்தைப் பிரித்தேன்.

‘வீடு திரும்பும் நேரம்’ என்று தலைப்பு. மூன்றாயிரம் பிரதிகள். சட்டம் ஏன் வேண்டும் என்று பெரிய மனிதர்கள் எழுதியிருந்தார்கள். பதினான்காம் பக்கத்தில் நான் கையால் எழுதியதைப் பார்த்தேன்.

என் நோட்டின் பக்கத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். “இன்று உடம்பெல்லாம் வலி. வகுப்பில் உட்கார்ந்திருந்தும் வீட்டு ஞாபகமாகவே இருந்தது. இந்நேரம் வீட்டில் படுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு மேல் பெண்ணுக்கு வெளியே என்ன வேலை என்று அம்மா கேட்டது சரிதான் போலிருக்கிறது.” அதன் கீழே நான் போட்ட கையெழுத்து. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில்: ‘மாலை வகுப்பு மாணவி ஒருவரின் மனசாட்சி’.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தேகம். நான்தானே எழுதினேன்? ஒரு எழுத்துகூட மாறவில்லையே? அப்புறம்தான் கையெழுத்து இருந்த இடத்தைப் பார்த்தேன். நான் எப்போதும் பக்கத்தின் அடிக்கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவேன். இங்கே அது பக்கத்தின் நடுவில் இருந்தது. கீழே இருந்ததை வெட்டிவிட்டு, கையெழுத்தை மட்டும் மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள்.

முறைப்படி முதலில் ஸ்டேப்ளரிடம் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எழுதினது நீதானே?”

“ஆமா சார். ஆனா பாதிதான் இருக்கு.”

“இடம் வேணுமில்லம்மா? முழுசாப் போட்டா உன் புத்தகமால்ல ஆயிடும்? நோட்டும் நாங்க குடுத்தது, பேனாவும் நாங்க குடுத்தது. உன் பேரு அச்சுல வந்திருக்கு. வீட்ல காட்டு, சந்தோஷப்படுவாங்க.”

நான் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ‘சரி சார்’ இன்னும் என் வாயில் கசக்கிறது.

வீட்டில் ரப்பர் பேண்டைப் பிரித்து அந்தத் தேதியின் சீட்டுகளை எடுத்தேன். மூன்று சீட்டு. மீதி அதில் இருந்தது. படித்ததும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் என்னுடையது. சிவப்புச் சீட்டு ஒட்டலாமா என்று யோசித்து, ஒரு தாளில் கோடு போட்டு, செய்யலாம், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் காரணங்கள் எழுதினேன். ‘வேண்டாம்’ பக்கம் ஒன்பது வந்தது. அதில் முதலாவது, அண்ணன். 2208-ஐ ஏற்றிப் போகிற லாரியின் டிரைவர் அவன்தான். ‘செய்யலாம்’ பக்கம் இரண்டே இரண்டு. ஒன்று, கையெழுத்து என்னுடையது. இரண்டு, முப்பது நாள் என்னைத் தொட முடியாது, பரீட்சைக்கு இருபத்தேழு நாள்தான். இரண்டாவதை எழுதியபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணனோடு நடந்துபோகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பீடா கடை முக்கு வந்ததும் அவன் கேட்டான்.

“சட்டம் வந்தா வரட்டுமே. நான் உனக்குக் கையெழுத்து போட மாட்டேன்னா சொல்லப் போறேன்?”

“போடுவே. அது தெரியும்.”

“அப்புறம் என்ன?”

“என்னைக்காவது ஒரு நாள் உனக்கு எம்மேல கோபம் வரும். அன்னைக்கும் எனக்கு வகுப்பு இருக்கும்.”

அவன் நின்றுவிட்டான். நான் அவனை அவமானப்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன். செருப்பில் ஏறிய கல்லை உதறிவிட்டு மறுபடி நடந்தான்.

“டிரைவருக்கெல்லாம் சிவப்புச் சீட்டு கிடையாது, அந்த முப்பது நாளும் கிடையாது, தெரியுமில்ல?” என்று மட்டும் சொன்னான்.

தெரியும் என்றேன்.

எட்டு நாற்பதுக்கு, லாரியில் ஏற்றியிருந்த புத்தகக் கட்டுகளில் மேல்கட்டின் முதல் புத்தகத்தில், பதினான்காம் பக்கத்தில், சீட்டை ஒட்டினேன். முதல் சீட்டில் எழுத்து கோணலாகிவிட்டது. அதைக் கிழித்துவிட்டு இரண்டாவதை எழுதினேன். எண் முப்பத்தொன்று. குறை: பாதி வெட்டப்பட்டது, மீதி என்னிடம் உள்ளது. கையெழுத்தை அடிக்கோட்டின் மேல் போட்டேன். புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துக் கயிறு கட்டிவிட்டு, என் மேஜைக்குப் போய் வேறு லாட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். பொத்தான் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினாள்.

ஒன்பதேகாலுக்கு லாரி கேட்டில் நின்றது. எங்கள் கேட்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். லாட் தாளில் உள்ளதைச் சரக்கோடு ஒத்துப்பார்க்காமல் ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே விடமாட்டார். படுதாவைத் தூக்கிப் பார்த்தவர் சிவப்பைக் கண்டதும் கேட்டைச் சாத்திவிட்டார். ஸ்டேப்ளர் ஓடி வந்தார். அது மெத்தை இல்லை, வெறும் புத்தகம் என்றார். லாட் எண் ஒன்றுதானே என்றார் கேட்காரர். ஸ்டேப்ளர் சீட்டைக் கிழிக்கக் கையை நீட்டினார். கேட்காரர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். மரியாதையாகத்தான் வைத்தார்.

அடுத்து ஸ்டேப்ளர் அண்ணனிடம் திரும்பினார்.

“நீ வண்டிய எடுய்யா. நான் பார்த்துக்கறேன்.”

அண்ணன் இஞ்சினை அணைத்தான். நான் அதை செக்கிங் பிரிவின் ஜன்னலில் இருந்து பார்த்தேன். அந்தச் சத்தம் நின்றதும் முற்றம் முழுக்க அமைதியானது.

“கேட் மூடியிருக்கு சார். வண்டிக்கு றெக்கை இல்ல” என்றான்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் படி இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பொத்தான் அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

ஐயா தலைநகருக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். அவருடைய காரில் கட்சிக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஐயா குள்ளமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். எங்கள் எல்லோரின் எண்ணும் அவருக்கு மனப்பாடம்.

“முப்பத்தொண்ணு, என்ன குறை?”

“எழுதியிருக்கேன் ஐயா.”

குனிந்து படித்தார். “இது மெத்தை இல்லையேம்மா.”

“லாட் நம்பர் மெத்தையோடதுதான் ஐயா.”

அவர் ஸ்டேப்ளரைப் பார்த்தார். ஸ்டேப்ளர் தன் செருப்பைப் பார்த்தார்.

“நீ எழுதினதுதானே இது?”

“ஆமா ஐயா. மீதியும் நான் எழுதினதுதான்.”

“படி.”

நான் வேலைக் கோட்டுப் பையில் கொண்டுவந்திருந்த மூன்று சீட்டுகளை எடுத்தேன். அண்ணன் லாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். கட்சிக்காரர்கள் கார்க் கண்ணாடியை இறக்கினார்கள். இதைவிடத் திட்டு வாங்குவது சுலபமாக இருந்திருக்கும். படித்தேன்.

“ஆனால் ஏழேகாலுக்கு அந்த வட்டக் கணக்குக்கு விடை வந்துவிட்டது. மூன்று நாளாக வராத விடை. டீச்சர் பார்த்துத் தலையை ஆட்டினார். வலி போன இடம் தெரியவில்லை. எட்டு மணிக்கு வெளியே வந்து, வேண்டுமென்றே சுற்றுவழியாக நடந்தேன். அந்த அரைமணி நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. அம்மா கேட்டது சரியில்லை. ஆறு மணிக்கு மேல் வெளியே எனக்கு வேலை இருக்கிறது.”

படித்து முடித்தபிறகு அண்ணனைப் பார்க்கவில்லை. சீட்டுகளை மறுபடி பையில் வைத்தேன்.

ஐயா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மெதுவாகத்தான் பேசினார். இதை எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அச்சில் போடத் தகுந்தது இல்லை என்றார். இந்தச் சட்டம் என்னை மாதிரிப் பிள்ளைகளின் நல்லதுக்குத்தான் என்றார்.

“சுத்துவழில நடந்தேங்கற. அந்த வழில உனக்கு ஏதாவது ஆயிருந்தா? உங்கம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஒரு வீட்டு வாசல்ல நான் நின்னுட்டேன்மா. இன்னொரு வாசல்ல நிக்க மாட்டேன்.”

அவர் குரல் இறங்கியது. அது ஐந்தாவது தடவை. மேடையில் இறங்கியதைவிட ஆழமாக இறங்கியது. அவர் நம்புவதைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று என் தாளின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது.

“அன்னைக்கு நீங்க மெத்தை போடறதை நிறுத்தலையே ஐயா. ஊசியைத்தானே தேடினீங்க?”

ஐயா சட்டைப் பையில் இருந்த டேப்பை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தார்.

“சீட்டை எடு.”

“எடுக்க மாட்டேன் ஐயா.”

“மேல நடக்கற வகுப்பு நான் நடத்தறது.”

“ஆமா ஐயா. அதுக்கு எப்பவும் நன்றி சொல்வேன். சீட்டை எடுக்க மாட்டேன். முழுப் பக்கமும் போடுங்க. இல்ல, என் கையெழுத்தை எடுத்துடுங்க. ரெண்டுல எது செஞ்சாலும் நானே வந்து எடுக்கறேன்.”

காரில் இருந்தவர்களில் ஒருவர், ஒரு பெண்ணிடம் போய் என்ன பேரம், கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார். ஐயா திரும்பி அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. கட்சிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கேட்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டின் பக்கம் ஒரு அடிகூட வைக்கவில்லை.

“பதினாலாம் பக்கத்தைக் கிழிச்சுடுங்க. எல்லாத்துலயும்” என்றார் ஐயா.

ஸ்டேப்ளர் தொண்டையைச் செருமினார். “ஐயா, பதினாலைக் கிழிச்சா பதிமூணும் சேர்ந்து வரும்.”

“வரட்டும்.”

“பதிமூணு உங்க படம் ஐயா. முழுப் பக்கம்.”

பின்னால் யாரோ இருமினார்கள். பொத்தான் அக்கா என்று பிறகு தெரிந்தது. ஐயா புத்தகத்தைத் திருப்பித் தன் படத்தைப் பார்த்தார். குழந்தைகள் பிரிவின் வாசலில் எடுத்த படம். நல்ல படம்தான். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கிழிங்க” என்றார். காரில் ஏறும் முன் என்னிடம் திரும்பினார். “ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் ஒட்டினியா?”

“மூணு தடவை ஐயா.”

அவர் கையில் ஒரு புத்தகம்கூட இல்லாமல் தலைநகருக்குப் போனார்.

திருத்திய சரக்கைச் சீட்டு ஒட்டியவரே பார்த்து அனுப்ப வேண்டும் என்பதும் விதி. ஸ்டேப்ளர் கிழிக்கக் கிழிக்க, மூன்றாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திங்கட்கிழமை மத்தியானம் முடிந்தது. சொன்னபடி நானே போய்ச் சீட்டை எடுத்தேன். லாரி கிளம்பியது. ஓட்டியது வேறு டிரைவர். அண்ணனைக் கழிவுப் பஞ்சு வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். “நல்லதுதான், மத்தியானமே வீடு” என்றான். அது பொய் என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவனாகவே, “அந்தச் சுத்துவழி எது?” என்று கேட்டான். சொன்னேன். “அங்க ரெண்டாவது விளக்கு எரியாது. பார்த்துப் போ” என்றான்.

ஓட்டெடுப்பு அன்று நடக்கவில்லை. வேறு ஏதோ விஷயத்தில் கட்சிக்குள் சண்டை, அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அது எங்களால் என்று பொத்தான் அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்களால் இல்லை. நான் பத்திரிகையை இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் ஐயா சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பறைக் கதவில் அறிவிப்பு ஒன்று இருந்தது. சட்டம் வரும்போது வரட்டும், இந்த வகுப்பில் வியாழக்கிழமை முதல் சம்மதப் படிவம் இல்லாதவர்களுக்கு இடமில்லை. டீச்சர் படிவங்களைக் கொடுத்தார்.

“குடுக்கச் சொன்னாங்க, குடுத்துட்டேன்” என்றார். பிறகு தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். “நானும் ஆறு மணிக்கு மேல இங்கதானே இருக்கேன்.”

பெயர், வயது, முகவரி. வீட்டுப் பொறுப்பாளர் கையெழுத்து. உறவுமுறை. நான் முதல் மூன்றையும் நிரப்பினேன். அண்ணனிடம் கொடுத்தால் அந்த நிமிஷமே போட்டுவிடுவான். பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கோடு போட்டுக் காரணம் எழுதவில்லை. பொறுப்பாளர் என்ற இடத்தில், அடிக்கோட்டின் மேல், என் கையெழுத்தைப் போட்டேன்.

பொத்தான் அக்கா எட்டிப் பார்த்தாள். “உறவுமுறைன்னு கேட்டிருக்கானே, அதுக்கு என்ன எழுதினே?”

“நானேன்னு.”

“நெருங்கின சொந்தந்தான்” என்று சொல்லிவிட்டுத் தன் படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் அப்படியே எழுதினோம். மூன்று பேர் வீட்டில் கையெழுத்து வாங்கி வந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீடு எங்களுக்குத் தெரியும். டீச்சருடையதையும் சேர்த்து இருபத்துமூன்று. ஸ்டேப்ளர் வாங்கி, படித்து, வியர்த்து, ஒரே கட்டாக அடித்து ஐயாவுக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு மாடி ஏறினோம். கதவு திறந்திருந்தது. டீச்சரின் மேஜையில் எங்கள் கட்டு கிடந்தது. அதன் மேல் ஒரு சிவப்புச் சீட்டு. எண்: ஒன்று. அது ஐயாவின் எண், செக்கிங்கையும் அவரே பார்த்த நாளில் இருந்து. அதுவரை அவர் சீட்டு ஒட்டி நான் பார்த்ததில்லை. குறை: கையெழுத்து செல்லாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சீட்டை இரண்டு தடவை படித்தேன். சுவரில் உள்ள விதிகளை மனதில் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். சீட்டு ஒட்டியவரே வந்து எடுக்க வேண்டும். அதுவரை ஒட்டிய லாட் நகரக் கூடாது, உள்ளேதான் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னேன். சொல்லும்போது, நான் அளவுக்கு மீறிப் போகிறேனோ என்றும் தோன்றியது.

பொத்தான் அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “அப்போ நாம லாட்டு. ஐயா வந்து எடுக்கற வரைக்கும் உள்ளதான்.”

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். டீச்சர் கட்டைத் தொடவில்லை. சாக்பீஸ் தூள் படாதபடி மேஜையின் ஓரத்துக்கு மட்டும் நகர்த்தலாமா என்று கேட்டார். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றோம். அவர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் கோடு இழுத்து, கணக்கைச் சொன்னார்.

ஏழேகால் இருக்கும். படியில் காலடி கேட்டது. நிதானமான, கனமான காலடி. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் வந்து நின்றது. டீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, வேண்டுமானால் அவர் உள்ளே வந்து உட்காரலாம்.

எனக்கு விடை வந்துவிட்டிருந்தது. தலையை நிமிர்த்தாமல் அதை இரண்டாம் தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.